தாழியில் ஒட்டிய கஞ்சி

அந்தத் தாழிக்குள் கைவிட்டால் செத்தவன் பிடித்துக்கொள்வான் என்று சிறுவயதில் நம்பினேன். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் அதே விளிம்புடைந்த தாழியைப் பார்த்ததும், ஐம்பது வயதுக் கை தானாக முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது.

வீட்டில் நெசவுத் தறிக்குக் குழி தோண்டியபோது கிடைத்தது, அந்தக் காலத்தில் செத்தவரை வைத்துப் புதைத்த அந்தத் தாழி. பட்டுப் பாவு நூல் விறைக்கப் போடும் அரிசிக் கஞ்சியை அப்பா அதில்தான் ஊற்றிவைப்பார். புளித்த நாற்றம் தெருமுனை வரை வரும். மொண்டு வரச் சொன்னால் அழுவேன்.

“செத்தவன் புடிச்சிக்குவான்பா.”

“புடிச்சா வெளிய இழுத்துப் போடுடா. தறிக்கு ஒரு ஆள் கொறையுது.”

தாழியின் அடியில் ஒட்டிய வெள்ளைப் பொருக்கு, இறந்தவருக்குப் படைத்த உணவாம். அருங்காட்சியகப் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எழுதிய மேதைக்கு மூக்கு இல்லை போலும். வந்தவர்கள் கும்பிட்டார்கள். பயத்தில் நானும் கும்பிட்டேன்.

அருங்காட்சியகத்தார் தாழியைக் கேட்டு வந்தபோது, அம்மா கழுவ அலுத்துக்கொண்டு அப்படியே கொடுத்தனுப்பிய பாவுக் கஞ்சி அது.