ஒத்துவராத டிரைவர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று உம்மா சொல்வார். அந்த வாரம் அது நுனியில்கூட நிற்கவில்லை, கீழே குதித்துவிட்டது. எல்லாம் ஒரு கம்பியூட்டரால் வந்தது.

கடல் ஊருக்குள் வந்து போனபிறகு கல்முனையில் எங்கு திரும்பினாலும் வீடு கட்டுகிற கதைதான். ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில், ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் கந்தோரில் நான் பிளான் கீறிக்கொண்டிருந்தேன். கம்பியூட்டரில் வீடு கீறத் தெரிந்த பெண்பிள்ளை என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கீழே கம்பி இழுக்கிற சத்தம், கடைக்காரர் லொறிக்காரரோடு போடுகிற சண்டை, சீமெந்துத் தூசி, இவ்வளவுக்கும் நடுவில் நான் திரையில் சுவர் எழுப்பிக்கொண்டிருப்பேன்.

முதலாளி அந்தக் கம்பியூட்டரைத் தூசு தட்டிவரக் கம்பியூட்டர் திருத்துகிற கடைக்குக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை திரும்பி வந்தது. கொண்டுவந்தவன், "புது டிரைவர் எல்லாம் போட்டிருக்கு தங்கச்சி, இனி ரொக்கட்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். டிரைவர் என்றால் கம்பியூட்டருக்குள் இருக்கிற ஒரு சின்ன மென்பொருள். படத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று உள்ளே இருக்கும் அட்டைக்குச் சொல்லிக்கொடுப்பது அதன் வேலை. எனக்கும் சந்தோசம்தான். மாமியின் பிளானைத் திறந்தேன்.

மாமி எனக்குச் சொந்த மாமி இல்லை. எங்கள் தெருவில் இருந்தவர், தெருவுக்கே மாமி. அவருடைய வீட்டையும் மாமாவையும் ஒரே காலையில் கடல் கொண்டுபோனது. அன்றிலிருந்து மகளோடு ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார். இப்போதுதான் உதவித் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்திருந்தது. எங்கள் பகுதி வழக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மகளின் பெயருக்கு எழுதி, மாப்பிள்ளையை அதற்குள் கூட்டிவந்தபிறகு, தாய் அடுப்படியில், குசினிப் பக்கம் பாயை விரித்துக்கொள்வார். ஒருவரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. மாமி நினைத்தார்.

"வீடு மகளுக்கு. எனக்கு ஒரு அறை வேணும். கதவு வெச்ச அறை, உள்ளுக்க இருந்து பூட்டுற மாதிரி. இத்தன காலமா சாக்குத் திரைக்குப் பின்னால உடுப்பு மாத்தி எனக்கு அலுத்துப் போயிட்டு மகள்."

திட்டத்தின் பிளானில் அப்படி ஓர் அறை இல்லை. பின்பக்கம் சேர்த்துக் கீறி, வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன் எஞ்சினியரிடம் கொடுத்தால் அத்திவாரத்தோடு சேர்த்துப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தவறினால் எல்லோருக்கும் கட்டுகிற அதே வீடு, மாமிக்கு அதே குசினி மூலை.

பிளான் திறந்தது. விறாந்தை வந்தது, சாலை என்கிற நடுக்கூடம் வந்தது, குசினி வந்தது. பின்னால் நான் கீறி வைத்திருந்த அறையை மட்டும் காணவில்லை. பெரிதாக்கினால் சுவர் தெரியும், சிறிதாக்கினால் மறையும். மௌஸ் போன இடமெல்லாம் ஒரு கோடு வாலாக இழுபட்டது. அச்சுக்குக் கொடுக்கப் போனால் திரை கறுத்து, வரைகிற மென்பொருள் தானாகவே மூடிக்கொண்டது.

பிளானைப் பார்க்க வந்து சுவரோரம் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த மாமி எட்டிப் பார்த்தார். "என்னகா புள்ள, என்ட அறைய மட்டும் காணல்ல?"

"வரும் மாமி."

"இந்த மிசினுக்கும் நான் குசினியில கிடந்தாப் போதுமாக்கும்."

மென்பொருளைக் கழற்றித் திரும்பப் போட்டேன். நிறங்களைக் குறைத்தேன். பெட்டியைத் திறந்து நினைவக அட்டையை உருவி, அழிறப்பரால் தேய்த்துச் செருகினேன். ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதியும் பார்த்தேன். அறை வரவில்லை. மேசையில் ஒரு குத்து விட்டேன், கை வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் கொழும்பில் இதே வேலை செய்கிற தோழிக்குப் போன் எடுத்தேன். கேட்டவுடனேயே அவள் பிடித்துவிட்டாள். எங்கள் வரைகிற மென்பொருள் பழையது, கடைக்காரன் போட்ட டிரைவர் புதியது, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. பொருத்தமான ஒன்றை இணையத்தில் தேடி இறக்கு என்றாள். லைன் கரகரவென்று இருந்ததால் நான் கத்தித்தான் கதைத்தேன்.

"ஓம்டி, புது டிரைவரோட எனக்கு ஏலாமக் கிடக்கு! பழைய டிரைவரோட ஒரு கரச்சலும் இருக்கல்ல! ... இல்ல, சொல்லுறதக் கேக்கிறானில்ல, திடீரெண்டு மூஞ்சி கறுத்துப் போகுது! ... சரி, வேற டிரைவர் ஒண்டு தேடிப் பாக்கன்!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அன்றும் வந்து வாங்கில் இருந்த மாமியின் கண் இரண்டும் கோப்பை அளவுக்கு விரிந்திருந்தன. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊற்றிவைத்த பிளேன்டியையும் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார். அறையை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நினைத்து எனக்கும் மனது கஷ்டப்பட்டது.

இணையம் அப்போது டெலிபோன் கம்பி வழியாகத்தான் வரும். டிரைவர் பாதி இறங்கும்போது கீழே கடைக்கு யாராவது போன் எடுப்பார்கள், அறுந்துவிடும். மறுகா முதலில் இருந்து. ஒருத்தர் ஆணி விலை கேட்டு எடுத்தார். அந்த ஆணியை அவருக்கே அடிக்கலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போனால் உம்மா கதவைச் சாத்தினார்.

"ஆரு அந்த டிரைவர்?"

"எந்த டிரைவர்?"

"ஒளிக்காத! பழையவன் ஒருத்தனாம், புதியவன் ஒருத்தனாம். அது போதாதெண்டு இன்னொருத்தனையும் தேடுறியாம். யா அல்லாஹ், நான் இத ஆருக்கிட்டச் சொல்லி அழுவன்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது இன்னும் பிழையாகிப் போனது. கம்பியூட்டருக்குள் இருக்கிற டிரைவர் என்று நான் விளக்க விளக்க, உம்மாவின் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

"மேசையில கிடக்கிற சாமானுக்கு என்னத்துக்கு டிரைவர்? அது எங்க ஓடுது?"

பேப்பருக்குப் பின்னால் இருந்து வாப்பாவின் குரல் வந்தது. "லைசன் இருக்காமா அவருக்கு?"

அன்று நான் கோபத்தில் சோறு தின்னவில்லை. ஆனால் கணவாய்க் கறி என்பதால் பிறகு தின்றுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் மாமி வந்தார். வாங்கில் இருக்காமல் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தணித்துக்கொண்டார்.

"உம்மாக்கிட்டச் சொன்னதுக்குக் கோவிக்காத மகள். உன்ட நன்மைக்குத்தான். புதுசெண்டு பாத்து மயங்கப்படா. பழையவன் நல்லவனெண்டா அவனையே எடன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமி! உங்கட அறைக்காகத்தான் நான் இஞ்ச கிடந்து மண்டைய உடைக்கன், நீங்க என்ட மானத்த வாங்குறீங்க!"

அவர் அசையவில்லை. "கத்தாம சொல்லு. பழையவன் இப்ப எங்க? போயிட்டானா?"

"அவன் எங்கயும் போகல்ல! இதுக்குள்ளதான் கிடக்கான்!"

கோபத்தில் பெட்டியைத் தட்டிக்கொண்டு சொன்ன சொல்தான். சொன்னபிறகு என் கை அப்படியே நின்றது. உள்ளேதானே கிடக்கிறான்! புது டிரைவரைப் போடும்போது கம்பியூட்டர் பழையதை எறிவதில்லை, ஒரு மூலையில் எடுத்து வைத்துக்கொள்ளும். பழையதற்குத் திரும்பிப் போக ஒரு பட்டனும் இருக்கிறது. வகுப்பில் படித்ததுதான். இணையத்தோடு மல்லுக்கட்டியதில் அடியோடு மறந்துபோயிருந்தேன்.

பட்டனை அமத்தினேன். திரை கறுத்தது. கம்பியூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பிளானைத் திறந்தேன். விறாந்தை, சாலை, குசினி, அதற்குப் பின்னால் நாலு சுவரோடும் மாமியின் அறை. பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், அது அசையவே இல்லை.

மாமி திரையில் விரலை வைத்தார். "இதான் கதவா?"

"ஓம் மாமி."

"பூட்டு எங்க?"

பிளானில் யாரும் பூட்டுக் கீறுவதில்லை. நான் கதவின் உட்பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, 'பூட்டு' என்று எழுதினேன். அச்சில் எல்லாம் சரியாக வந்தது. வியாழக்கிழமை எஞ்சினியர் அந்த வட்டத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம், பிறகு கையெழுத்து வைத்தாராம்.

நாட்டில் சண்டை முடிந்து, தெருவில் சோதனைத் தடைகள் குறைந்தபிறகுதான் அந்த வீட்டில் மகளின் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனை வழியில் ஒருவரும் மறித்து இறக்கவில்லை என்று வாசலிலேயே சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டார்கள். வேன் டிரைவர் சாப்பிட வந்தபோது மாமி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரா?"

"இல்ல மாமி!"

மாமி என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனார். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, யன்னலில் புதுச் சீலை. என்னை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, பூட்டைத் திருப்பினார். கட்டிலில் ஏறி இருந்து காலை நீட்டிக்கொண்டார்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "மாமி! வட்டிலப்பம் எங்க வெச்சிருக்கு? மாப்பிள்ள வீட்டாக்கள் பாத்துக்கொண்டிருக்காங்க!"

நான் எழும்பப் போனேன். மாமி என்னைப் பிடித்து இருத்தினார்.

"தட்டட்டும்" என்றார். "இத்தன காலமா ஆரும் தட்டுறத்துக்கு எனக்கு ஒரு கதவு இருக்கல்ல."