பேனாவைப் பிடுங்கிய பக்கத்து வீட்டுப் பெண்

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம், மலேசியாவின் ஈப்போ நகரில் நடந்தது இது. புந்தோங்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வயது இருபத்தாறு. நான் வேலை செய்யும் பிஸ்கட் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நேர்காணலுக்கு அழைத்துப் போனேன். "நீங்களே பேசிருங்க அக்கா, அவளுக்குத்தான் பேச்சு வராதுலா" என்று அவள் அம்மா அனுப்பி வைத்தார்.

அந்தப் பெண்ணிடம் கல்யாணப் பத்திரிகை எதைக் காட்டினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன்.

நேர்காணல் செய்தவர் நம் தமிழர்தான். ஸ்டோரில் சரக்குக் கணக்கெடுக்கும் வேலை ஒன்று, துப்புரவு வேலை ஒன்று என்று விண்ணப்பப் பாரத்தில் இருந்த இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டி, அவளைப் பார்த்தபடி சொன்னார். "படிப்பெல்லாம் இல்ல சார், பெருக்குற வேலையே போதும்" என்று கையால் பெருக்குவதுபோலக் காட்டி நான் முந்திக்கொண்டேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். பயப்படுகிறாள் என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். மறுபடியும் இழுத்து முறைத்தாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நல்லது செய்ய வந்தவளிடம் எதற்கு இந்தக் கோபம்? வேலையே வேண்டாமா? பாரத்தை நிரப்ப ஆரம்பித்தேன். சட்டென்று பேனாவைப் பிடுங்கிவிட்டாள். "மன்னிச்சிருங்க சார்" என்று நான் தடுமாற, "அக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்கலா" என்றார் அவர்.

அவள் மடமடவென்று மலாயில் எழுதினாள். காது கேளாதோர் பள்ளியில் படித்தது, கணினி தெரிந்தது, ஸ்டோர் வேலைதான் வேண்டும் என்பது எல்லாம். என் மலாயைவிடச் சுத்தமாக இருந்தது. அந்தப் பள்ளியில் மலாயும் சைகையும்தானாம், தமிழே கிடையாதாம். தமிழ்க் கல்யாணப் பத்திரிகைகளை அவள் திருப்பிக் கொடுத்த காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி வரியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 'எனக்காக இந்த அக்கா பதில் சொல்ல வேண்டாம்.'

ஸ்டோர் வேலையே கிடைத்தது. வீடு திரும்பும்வரை எனக்கு வந்தது கோபமா வெட்கமா என்றே தெரியவில்லை.

இப்போது தினமும் கைபேசியில் மலாயில் எழுதி என்னைக் கிண்டலடிக்கிறாள். சரியான வாயாடி! முன்பும் அவள் கையில் அந்தக் கைபேசி இருக்கும். படம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆறு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும், ஒரு நாள்கூட அவளிடம் ஒரு பேனாவை நீட்டிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.