ரபேல் வீட்டுக் காற்று

வில்லியனூரில் டைல்ஸ் கடையில் வேலை பார்க்கும் ரபேலுக்கு நாற்றம் என்றாலே ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மூக்கைச் சுளிப்பார், அப்புறம்தான் வணக்கம். புது வீடு கட்டியபோது பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி, சுவரைத் துளைத்துக் குழாயைச் சந்துப் பக்கம் விடச் சொன்னார். "காத்து மொத்தமும் வெளில போயிடுது. என் வூட்ல வாட அடிக்குதா பாரு!" என்று வந்தவர்களையெல்லாம் பாத்ரூம்வரை இழுத்துப் போய்ப் பீற்றிக்கொண்டார். அந்தச் சந்துக்குள் மட்டும் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை.

மாதா கோயில் திருவிழாவுக்குச் செய்த பலகாரத்தை, பக்கத்து வீட்டு ஜெயசித்ராவிடம் கொடுக்கப் போனார். சமையல்கட்டில் அவள் வேர்த்துக் கொட்ட நின்றிருந்தாள். ரபேல் வழக்கம்போல் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாம்மா, ஜன்னல சாத்திட்டா சமைப்பாங்க?" என்று அவரே போய்த் திறந்தார்.

கைக்கெட்டும் தூரத்தில் அவருடைய குழாய். அதன் வாய் நேராக அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா..."

"இத்தப் போயி எப்டிண்ணே சொல்றது?" அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு டம்ளரை நீட்டினாள். "ஓமத் தண்ணி. குடுத்தனுப்பலாம்னு இருந்தேன். ரெண்டு நாளா உங்க வூட்ல யாருக்கோ வயிறு சரியில்ல போலருக்கே."

அவருக்குத்தான். நிமிர்ந்து பார்க்காமல், மூக்கைச் சுளிக்காமல், முழுவதையும் குடித்தார்.