பாஸ்டரை ஆண்டவரிடம் விட்டேன்

என் நோய் முதலில் தன்னைக் காட்டிக்கொண்டது ஒரு வசவின் நடுவில். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். லைன் முழுக்க மிஷின் ஓடினாலும் அதற்கு மேலே என் சத்தம் கேட்கும். அன்று கழுத்துப்பட்டி கோணலாக வந்த பீஸ்களைத் தூக்கிப் பிடித்து, தைத்தவரைத் திட்ட வாயைத் திறந்தேன். பாதி வார்த்தையில் குரல் கிழிந்து வெறும் காற்று வந்தது. திட்டு வாங்க வேண்டிய டெய்லரே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். பஞ்சுத் தூசியில் பிழைக்கிறவர்களுக்குக் கரகரப்பு புதிதல்ல. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று மாதங்களை ஓட்டினேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது குரல் சில வாரங்களுக்கு மேல் கரகரத்தால், பனங்கற்கண்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் எஃப்.என்.ஏ.சி. (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து திசுவை உறிஞ்சி எடுக்கும் சோதனை) செய்தார்கள். தைராய்டில் (கழுத்தின் முன்பக்கம் குரல்வளையை ஒட்டியிருக்கும் சுரப்பி) புற்றுநோய் என்றது முடிவு.

“கட்டி குரல் நரம்பைச் சுத்திப் பிடிச்சிருக்கும்மா. கட்டியை எடுத்துடலாம். குரலுக்கு என்னால உறுதி கொடுக்க முடியாது” என்றார் டாக்டரம்மா.

என் வீட்டுக்காரர் உடன்குடிப் பக்கத்து ஆள், என்னைப் போலவே. “அந்தச் சத்தம் இல்லாட்டா இவ வீட்டுல இருக்காளா இல்லியான்னு நா எப்படிம்மா கண்டுபிடிக்க?” என்றார். டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மருந்துக்கடை வரிசையில் என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுததை நான் பார்க்காதது போல இருந்தேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் இடது குரல் நாண் (குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பு) அசையவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. தாடையைத் தாழ்த்தி விழுங்கப் பழகினேன். பேச்சுப் பயிற்சி தந்த பெண், “கத்தாதீங்க, கிசுகிசுக்கவும் செய்யாதீங்க. இருக்கிற குரலைப் பார்த்துச் செலவு பண்ணுங்க” என்றாள். காலையில் ஓரளவு குரல் இருக்கும். சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும்.

அதுவரை நான் எதற்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் யோசித்தேன். தண்ணீர்க் குழாயடியில், கம்பெனி டீயில் சர்க்கரை குறைந்ததற்கு, நாத்தனார் சொன்ன ஒரு சொல்லுக்கு. எங்கள் ஆட்கள் எந்த வழக்கையும் “ஆண்டவர் பாத்துக்குவாரு” என்று முடிப்பார்கள். கையாலாகாதவர்கள் பேச்சு என்று நான் நினைத்திருந்தேன். தொண்டை போன பிறகு அந்தப் பேச்சு எனக்கும் வசதியாகிவிட்டது.

ஒரே ஒரு சண்டையை மட்டும் மனமில்லாமல் விட்டேன். அது எங்கள் சபைப் பாஸ்டரோடு. தகரக் கூரை போட்ட சின்னச் சபை, வீட்டுக்குப் பக்கம் என்று போக ஆரம்பித்தோம். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஜெபித்தவர். ஆனால் நான் திரும்பிப் போன முதல் ஞாயிறு, பைபிளில் தேவதூதன் சொன்னதை நம்பாமல் ஊமையாகிப்போன ஓர் ஆசாரியரை (கோயில் குரு) பற்றிப் பிரசங்கித்தார். “சில பேர் நாவை ஆண்டவர் அடக்குறதும் கிருபைதான்” என்று என் பக்கம் பார்த்தார். அதே பாஸ்டரை ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்ப் பிரிவு வரிசையில் நான் பார்த்திருக்கிறேன். மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். மேடையிலோ, மருந்தை நம்புவது அரை விசுவாசம் என்பார். பழைய குரல் இருந்திருந்தால் அன்றைக்கே அந்தச் சட்டைப்பையைப் பற்றிச் சபை நடுவில் கேட்டிருப்பேன்.

கம்பெனியில் என்னை லைனிலிருந்து எடுத்துச் செக்கிங் மேஜைக்கு மாற்றினார்கள். அங்கே எனக்குப் பக்கத்தில் எஸ்தர். எங்கள் சபைதான். சோமனூரில் விசைத்தறி வைத்திருந்த குடும்பத்துப் பெண். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோது ஜெபத்துக்கு வந்து, ஞானஸ்நானம் எடுத்தவள். அதோடு பிறந்த வீட்டில் பேச்சு அறுந்துபோனது. புருஷன் சபைக்கு வரமாட்டார், போகிறவளைத் தடுக்கவும் மாட்டார்.

ஒருநாள் என் கழுத்துத் தழும்பைப் பார்த்து, “ஏனுங்கக்கா, தொட்டுப் பாக்கட்டுங்களா?” என்றாள். தொட்டாள். பிறகு என்னைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், என் கையை எடுத்துத் தன் வலது மார்பில் வைத்தாள். கொட்டைப்பாக்கு அளவில் கல்லாட்டம் ஒரு கட்டி.

“இதும் அப்படித்தானுங்களா?”

“நாளைக்கே போவோம் பிள்ள.”

“வெள்ளிக்கிழம உபவாச செபம் இருக்குதுங்க. பாஸ்டர் கை வெச்சு செபிக்கட்டும். அப்பறம் போலாமுங்கக்கா.”

எங்கள் சபையில் ஆராதனை நடுவே சாட்சி நேரம் உண்டு. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்லலாம். அதில் ஒரு வழக்கம் என்னவென்றால், கேட்டது கிடைக்குமுன்பே கிடைத்துவிட்டதாக விசுவாசித்து அறிக்கை செய்வார்கள். அந்த ஞாயிறு எஸ்தர் எழுந்தாள். “என்ற மாருல இருந்த கட்டிய ஆண்டவர் கரைச்சுப்போட்டாருங்க. எனக்குச் சொகமாயிருச்சுங்க.” சபை கைதட்டியது. உட்காரும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

அவள் பொய் சொன்னாள் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. கட்டி போகும் என்று நம்பி, போய்விட்டது என்று சொன்னாள். ஆனால் சபை முன் சொன்ன சொல் அவளைச் சுற்றிக் கதவை அடைத்துவிட்டது. மறுநாள் முதல் வேறு மேஜைக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரமே எனக்குக் கதிரியக்க அயோடின் (மிஞ்சிய தைராய்டு செல்களை அழிக்கக் குடிக்கும் மருந்து) கொடுத்துத் தனி அறையில் வைத்தார்கள். என் உடம்பிலிருந்து கதிர் வரும் என்பதால் யாரும் நெருங்கமாட்டார்கள். சாப்பாட்டைக் கதவருகில் வைத்துவிட்டுப் போவார்கள். மருந்தை விட அந்த அறை கொடுமை என்று முன்பே போனவர்கள் சொல்லியிருந்தார்கள். எனக்கு அறை தொந்தரவு செய்யவில்லை, என் விரல்கள்தான் செய்தன. அவற்றின் நுனியில் எஸ்தருடைய கட்டி அப்படியே இருந்தது. கழுவினாலும் போகவில்லை.

ஆட்களோடு பழகலாம் என்று டாக்டர் சொன்னதும் மங்கலத்துக்குப் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

“கட்டி இருக்கா?”

“இருக்குதுங்கக்கா.”

“பெருத்திருக்கா?”

தலையை ஆட்டினாள். “சபை முன்னால சொல்லிப்போட்டனுங்க. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா ஆண்டவரு பேரு கெட்டுப்போயிருமுங்க. எங்கம்மா ஊட்டுல உன்ற சாமி கைவிட்டுருச்சான்னு கேப்பாங்க.”

பாஸ்டரின் மாத்திரை அட்டை என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் எஸ்தர் அவருக்காக என்னோடு சண்டை போடுவாள். அவரா நானா என்று வந்தால் அவர் பக்கம் போவாள், கட்டியும் அவளோடு போகும். எனக்கு அன்று மிஞ்சியிருந்த குரலும் கொஞ்சம்தான்.

“பைபிள்ல பத்து குஷ்டரோகிகள் வந்தாங்கல்லா, அவங்கள ஆண்டவர் என்ன செய்யச் சொன்னாரு?”

“சொகமாயிருச்சான்னு பாத்துச் சொல்ற ஆசாரியருக்குப் போயிக் காட்டச் சொன்னாருங்க.”

“எப்பம் சொகமாச்சு?”

“போற வழியிலதானுங்க.”

“நீயும் போய்க் காட்டு பிள்ள. அவரு பேரு ஒண்ணும் கெடாது.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீங்களும் வர்றீங்களாக்கா?”

மேமோகிராம் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே), பயாப்சி (கட்டியிலிருந்து துண்டு எடுத்துச் சோதிப்பது), ஸ்கேன் எல்லாம் ஆயின. கல்லீரலிலும் முதுகெலும்பிலும் மெட்டாஸ்டாஸிஸ் (புற்று பிறந்த இடத்தைவிட்டுப் பிற உறுப்புகளுக்குப் பரவுதல்) என்றார்கள். கீமோ கொடுத்தார்கள். முடி கொட்டியது, கட்டி கொஞ்சம் சுருங்கியது, பிறகு கல்லீரல் கைவிட்டது. கடைசியில் வலிதணிப்பு சிகிச்சை (நோயை விட்டுவிட்டு வேதனையை மட்டும் குறைப்பது). வழி நெடுக அவள் சுகத்தைத் தேடித்தான் போனாள். அவளுக்கு அது கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போலப் பேசுகிறவர்களைக் கண்டால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

வார்டில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாஸ்டர ஒண்ணும் சொல்லிப்போடாதீங்கக்கா. அவரு வந்து அடக்கம் பண்ணோணும். இல்லாட்டி எங்கம்மா ஊட்டு ஆளுக என்னையச் சோமனூருக்குக் கொண்டுபோயி எரிச்சுப்போடுவாங்க.”

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

பாஸ்டர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கட்டிலருகே முழங்கால் போட்டு, உண்மையாகவே அழுதார். வெளியே வந்ததும் காரிடாரில் என்னிடம், “சாட்சி சொன்ன பிறகு சந்தேகப்பட்டுட்டாங்க சிஸ்டர். அதான் இப்படி” என்றார். அதற்குள் என் குரல் ஓரளவு தேறியிருந்தது. அவரை நார் நாராகக் கிழிக்கும் அளவுக்கு இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பழத் தோலை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

எஸ்தர் கேட்ட அடக்கம் அவளுக்குக் கிடைத்தது. குழிமேட்டில் நின்று பாஸ்டர், பெற்ற சுகத்தைக் காத்துக்கொள்ளாதவர்களைப் பற்றிப் பேசினார். எஸ்தரின் புருஷன் அது யாரைப் பற்றி என்று புரியாமல் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். சோமனூரிலிருந்து வந்த அவள் அம்மா தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். அவருக்குப் புரிந்தது. என்னைத்தான் பார்த்தார். நான் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

தைராய்டை எடுத்துவிட்டவர்கள் ஆயுள் முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை விழுங்க வேண்டும். பிறகு அரைமணி நேரம் காப்பிகூடக் கூடாது. அந்த அரைமணி நேரத்தை நான் ஜெபத்துக்கு வைத்துக்கொண்டேன். ஜெபம் ஒரே வரிதான். ஆண்டவரே, பாஸ்டரை நீரே பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து கேட்டால் பக்தியாகத்தான் இருக்கும். உள்ளே நான் மன்னிக்கவில்லை. கேஸைப் பெரிய கோர்ட்டுக்கு மாற்றியிருந்தேன், அவ்வளவுதான். தீர்ப்பு சீக்கிரம் வரட்டும் என்று காத்திருந்தேன். சில காலைகளில் அந்த ஜெபத்தின் நடுவே “ஏனுங்கக்கா” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். திரும்பினால் சுவரும் காலண்டரும்தான் இருக்கும்.

எஸ்தர் போன பிறகு என்னால் கண்ணை மூடித் துதிக்க முடிவதில்லை. கடைசி மாதங்களில் கட்டிப் பக்கத்துக் கை ஏறாமல் அவள் ஆராதனையில் ஒரு கையைத்தான் முழுசாகத் தூக்கினாள். அதனால் பாட்டு நடக்கும்போது பெண்களின் கைகளைப் பார்க்கிறேன். மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், முதல் வரிசையில் ஒரு வலது கை தோள் உயரத்துக்கு மேல் ஏறவில்லை. பாஸ்டரின் மனைவி. பாஸ்டரம்மா என்போம். என்னை விட இளையவள்.

நான் கேட்டது இதையா? நான் ஒப்படைத்தது அவரைத்தானே, இவளை இல்லையே? இப்படி ஆண்டவர் வேலை செய்யமாட்டார் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் ஆராதனை முடிந்ததும் அவளைத் தேடிப் போனேன்.

சபைக்குப் பின்னால் அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. டம்ளர்களைத் திருப்பி வைத்துக்கொண்டே பேசினாள்.

“அவருக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா சாட்சி சொல்லச் சொல்லிருவாரு. சொல்லிட்டா அப்புறம் போக முடியாதுல்ல?”

நான் நேராகப் பாஸ்டரிடம் போனேன். எஸ்தர் பேச்சை எடுக்கவில்லை, மாத்திரை அட்டைப் பேச்சையும் எடுக்கவில்லை. “உங்க வீட்டம்மாவுக்கு மாருல கட்டி இருக்கு. நாளைக்குக் கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாரீங்க” என்றேன். அவர் முகத்திலிருந்த ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். பார்க்க இன்பமாக இருக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்த காட்சி அது. இன்பமாக இல்லை.

“ஒரு உபவாச ஜெபம் வச்சிட்டு...” என்று ஆரம்பித்தார்.

“பஸ்ஸுல வச்சு ஜெபம் பண்ணுங்க.”

வந்தார். அவளை ஊசிச் சோதனைக்கு உள்ளே அழைத்துக்கொண்டார்கள். நானும் அவரும் காரிடாரில் காத்திருந்தோம். வேதாகமம் அவர் மடியில் இருந்தது, திறக்கவில்லை. வெகுநேரம் கழித்து, “எஸ்தர் சிஸ்டர் இங்கதான் காத்திருந்தாங்களா?” என்று கேட்டார்.

“நீங்க இருக்கிற நாற்காலியிலதான்.”

அவர் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார். அன்று என்னிடம் நிறையக் குரல் இருந்தது. நான் அதைப் பயன்படுத்தவில்லை.

பாஸ்டரம்மாவின் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு உட்காருகிறேன். அந்த அரைமணி நேரம் இப்போது நீண்டுகொண்டே போகிறது. அவளுக்காக ஜெபிக்கத்தான் உட்காருகிறேன். “நீரே பார்த்துக்கொள்ளும்” என்பது வாய்வரை வருகிறது. சொல்லப் பயமாக இருக்கிறது.