மாப்பிள்ளைக்காக உடைத்த சிமெண்டு

எங்கள் வீட்டு மாப்பிள்ளை கர்ப்பமாக இருக்கிறார் என்ற செய்தி மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்கப் பரவியபோது எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை என்பதால் தூரத்துத் தெருக்காரர்கள் சற்றுக் குழம்பித்தான் போனார்கள். மாப்பிள்ளை என்பது எங்கள் ஆமையின் பெயர்.

பெயர் வைத்தது சித்தப்பா. புக்கிட் காதில் பக்கம் ஒரு வயலோரத்தில் பிடித்து, சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தவரும் அவரே. கூப்பிட்டால் வராது, சாப்பாட்டைக் கண்டால் மட்டும் வரும், யாராவது குரலை உயர்த்தினால் தலையை உள்ளே இழுத்து, ஓட்டின் அடியில் கதவுபோல் இருப்பதையும் சாத்திக்கொள்ளும். இத்தனை லட்சணங்களையும் பார்த்த பிறகு வேறு பெயர் வைக்க வழியில்லை. ஆண்தானா என்று அம்மா கேட்டதற்கு, "மொகத்தப் பாத்தாலே தெரியலயா அண்ணி?" என்றார். சித்தப்பாவின் ஞானம் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. எனக்கும் அதில் கொஞ்சம் பங்கு வந்திருக்கிறது. அதை வைத்துத்தான் இத்தனை வருஷமாகப் பத்திரிகைகளில் எழுதி வருகிறேன்.

கொல்லையில் ஒரு வாழைமரம் இருந்தது. அதன் அடியில், ஈர மண்ணில், மாப்பிள்ளை பாதி புதைந்து கிடக்கும். அது என்னுடைய ஆமை என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. பப்பாளித் துண்டையும் கங்கோங் கீரையையும் என் கையிலிருந்து மட்டுமே வாங்கிக்கொள்ளும்.

பிறகு நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் கொடி கட்டினார்கள். எங்கள் அப்பா கொல்லைக்குச் சிமெண்டு போட்டார்.

அப்பா சாலை வேலையில் மண்டோர். ஒரு கூட்டம் ஆட்களை வைத்து வேலை வாங்குபவர். ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லயத்தில், மழைக்குச் சேறாகும் வாசலில் வளர்ந்தவர். சுதந்திர நாட்டில் யாரும் சேற்றில் கால் வைக்கக்கூடாது என்பது அவருடைய அரசியல் கொள்கை. வாழையை வெட்டினார். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, சுவரிலிருந்து சுவர்வரை தன் கையாலேயே பூசினார். அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கொல்லைக்கு அழைத்துப்போய், ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவார். தண்ணீர் இடம் வலம் பார்க்காமல் நேரே சாக்கடைக்குப் போகும்.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு நிக்காது."

நின்றதே இல்லை. காப்பி ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று விருந்தாளிகளும் தலையாட்டுவார்கள்.

மாப்பிள்ளை மட்டும் தலையாட்டவில்லை. ஒரு நாள் பப்பாளியை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கங்கோங்கையும் தொடவில்லை. பகலெல்லாம் சுவரோரமாகவே சுற்றியது. சுற்றிச் சுற்றி, வாழைமரம் நின்ற மூலைக்கு வந்து, பின்னங்கால்களால் சிமெண்டைச் சுரண்டியது. அப்பாவின் வேலையைச் சுரண்டிப் பெயர்க்க ஓர் ஆமையால் ஆகுமா? நகம்தான் தேய்ந்தது. விரல் நுனிகளில் ரத்தம் கசிந்தது.

"வாயுதான்லா இது," என்றார் சித்தப்பா. ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்தார். நோயாளி கதவைச் சாத்திக்கொண்டதால் மருந்தை மருத்துவரே குடித்தார்.

அடுத்த சில நாட்களில் கதவைச் சாத்தும் தெம்பும் அதற்குப் போய்விட்டது. நான் அழுவதைப் பார்த்து, துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆமையைத் தூக்கி, பின்னங்காலுக்கு முன்னால் மெத்தென்றிருக்கும் இடத்தில் விரலை விட்டுத் தடவினாள். ஐந்து பெற்ற விரல்.

"உள்ள கெட்டியா ஒண்ணு உருளுது. இது மாப்பிள்ளயும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. முட்ட போட எடம் தேடுது."

சித்தப்பா அதிர்ந்துவிட்டார். "ஜோடியே இல்லாமலா அண்ணி?"

"கோழி என்ன சேவலக் கேட்டுக்கிட்டா முட்ட போடுது? குஞ்சுதான் வராது. போங்க தம்பி, போய் மண்ணுக்கு வழி பாருங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் செட்டி அம்மாள் ஒருவர் இருந்தார். தலைமுறை தலைமுறையாக மலாக்காக்காரர்கள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். விஷயம் கேட்டதும் அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தெங்கேராவில் அவருடைய தம்பி வீட்டில் தொட்டியில் வளர்த்த ஆமையும் இப்படித்தான் சுரண்டியதாம். தோண்ட மண் கிடைக்காமல் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்திருந்ததாம். அது உள்ளேயே கெட்டுப்போய், ஆமையும் செத்துப்போனதாம். இதை அவர் மலாயில் சொன்னார். எனக்கு அது புரியாமலே போயிருக்கக் கூடாதா?

சித்தப்பா கடற்கரைக்குப் போய் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய மணல் கொண்டுவந்தார். மாப்பிள்ளையை அதில் இறக்கினோம். அது தட்டுத் தடுமாறி வெளியே விழுந்து, மறுபடி அதே மூலைக்குப் போய், அதே சிமெண்டைச் சுரண்டியது.

சாயங்காலம் அப்பா வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முட்டை, தெங்கேரா, மணல், ஓமத் தண்ணீர் எல்லாம் வந்தன. சிமெண்டு என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை.

"அப்பா, அந்த மூலைய ஒடச்சிடுங்கப்பா," என்றேன் நான்.

அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

"என்னாத்த ஒடைக்கிறது?"

"சிமெண்ட்ட."

"அதான் மணல் வச்சிருக்காங்கல்ல?"

"அது வேணாங்குதுப்பா. அதுக்கு அந்த எடம்தான் வேணுமாம்."

அப்பா மூலைக்குப் போய்க் குந்தினார். சாம்பல் நிறத் தரையில் சிவப்பாகக் கோடு கோடாக இருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஒனக்கு வாய் நீளம்டி," என்றாள் அம்மா.

அவர் திரும்பி வந்தபோது சைக்கிளில் சம்மட்டியும் உளியும் இருந்தன. உடைப்பதற்கும் நூல் பிடித்து, சாக்குக்கட்டியால் சதுரம் போட்டார்.

"சீக்கிரம்பா!"

"இரு. கோணலா ஒடைக்கச் சொல்றியா?"

சிமெண்டு லேசில் மசியவில்லை. அவர் போட்டதாயிற்றே. வியர்வை சொட்ட அடித்துக்கொண்டே, "நல்லாத்தான் போட்டிருக்கான், பாவி," என்று யாரோ ஒருவனைப்போலத் தன்னையே மெச்சிக்கொண்டார். கடைசித் துண்டு பெயர்ந்ததும் கறுப்பாக மண் தெரிந்தது. அப்பா அதைக் கையால் கிளறிவிட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு விலகினார்.

மாப்பிள்ளை மண்ணில் இறங்கித் திரும்பி நின்றது. ஒரு பின்னங்கால், பிறகு மற்றது என்று மாறி மாறித் தோண்டியது. வேலி நெடுகத் தலைகள். யாரோ தும்மியதற்கு அப்பா வேலைத்தலத்தில் முறைப்பதுபோல் முறைத்தார். வெள்ளை வெளேரென்று, நீளவாக்கில் ஒரு முட்டை மெல்ல இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார் சித்தப்பா.

மாப்பிள்ளை குழியை மூடி, அழுத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துவந்து என் கையிலிருந்த பப்பாளியைக் கவ்வியது. அன்று முதல் அம்மா கோழிமுட்டை ஓட்டைப் பொடித்து அதன் கீரையில் தூவினாள். பெற்றவளுக்கு எலும்பில் சத்து வேண்டுமாம். முட்டைகள் பொரிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னைவிடப் பெரிய மனுஷி யாரும் இல்லை. மாப்பிள்ளை பிழைத்த பெருமையில் நடந்தேனா மிதந்தேனா என்று தெரியாது.

ஒரே ஒரு சங்கடம். அந்தச் சதுரத்தை அப்பா மூடவேயில்லை. ஊரே பார்த்து வியந்த தரையில் என்னால் ஓர் ஓட்டை. விருந்தாளிகளின் குரல் வாசலில் கேட்டதுமே கொல்லைக்கு ஓடி, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, பலகைமேல் வாளியைக் கவிழ்த்துவைப்பேன். அப்பாவின் மானத்தைக் காப்பது இனி என் பொறுப்பு என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

அப்பா வருவார். வாளியை நகர்த்துவார். பலகையைக் காலால் தள்ளுவார். குவளையில் தண்ணீர் கொண்டுவரச் சொல்ல மறந்துவிடுவார்.

"இங்க வாங்க. மொதல்ல இதப் பாருங்க."

பாவம், வருகிறவர்களிடமெல்லாம் தப்பை ஒப்புக்கொள்கிறாரே என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். ஒரு தடவையாவது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.