இடது பக்கத்து வாஷர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையோடு சரி. ஷோரூமிலும், டிவி வாங்கியவர்களின் வீடுகளிலும் அவர் பெயர் வாஷர். மரியாதை தெரிந்தவர்கள் 'வாஷர் சார்' என்றார்கள். "அந்த வாஷர் சாரை அனுப்புங்க, வேற யாரும் வேண்டாம்" என்று அடம்பிடிக்கிற வாடிக்கையாளர்கள் வாரத்துக்கு நாலு பேராவது உண்டு. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் மனிதர் ஒரு சுற்றுப் பெருத்துப் போவார்.

சுவரில் டிவி மாட்டுவது, அதற்குக் கீழே சவுண்ட்பார் என்கிற நீளமான ஒலிபெருக்கியை மாட்டுவது, இதுதான் வேலை. "ரெண்டு ஆணி அடிக்கிற வேலைதானே?" என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள், அரை மணி நேரத்துக்கு விடமாட்டார். "டிவி கண்ணுக்கு, பார் காதுக்கு. கண்ண ஏமாத்திடலாம் சார், காத ஏமாத்த முடியுமா?" என்பார். முடியும் என்பது அவருக்குத் தெரியாமல் போனதுதான் இந்தக் கதை.

சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம். முதலில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை திருகைத் தொடமாட்டார். பிறகு வீட்டுக்காரரை சோபாவில் உட்காரவைத்து, பாரின் நடுவிலிருந்து அவருடைய காது உயரத்துக்கு ஒரு நூலைப் பிடிப்பார். அந்த நூல் எவ்வளவு சாய்கிறதோ, அவ்வளவு பாரையும் சாய்ப்பார். "இல்லேன்னா சத்தம் உங்க தலைக்கு மேல போய் பின்னாடி சுவருக்குத்தான் கேக்கும்." கடைசியாக அதே சோபாவில் தானே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, செய்தி வாசிக்கிற குரலை ஒரு நிமிஷம் கேட்பார். அந்த ஒரு நிமிஷத்துக்கு வீட்டில் யாரும் மூச்சுவிடமாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு, முகத்தைச் சுளித்தார். சத்தம் இடது பக்கமாக இழுத்தது. ரசமட்டத்தைப் பார்த்தார், குமிழி நடுவில். நூலைப் பார்த்தார், சரி. ஆனாலும் இழுத்தது. யோசித்து, இடது தாங்கிக்குப் பின்னால் ஒரு வாஷரை, திருகுக்கு அண்டைக் கொடுக்கிற அந்தச் சின்ன இரும்பு வளையத்தை, கொடுத்து முடுக்கினார். பார் ஒரு நெல் அளவுக்கு வலது பக்கம் முகம் திரும்பியது. மறுபடி உட்கார்ந்து கேட்டார். சரியாகிவிட்டதாகப் பட்டது. போட்டவருக்கு அப்படித்தானே படும்? வீட்டுக்காரரும் கேட்டுவிட்டு, "ஆஹா, இப்பத்தான் சார் சத்தம் நெஞ்சுல வந்து உக்காருது!" என்றார். அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு நிபுணர் கண்ணை மூடிக் கேட்டுத் திருத்திய பிறகு, தெரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அன்றிலிருந்து வீடு வீடாக இடது பக்கம் ஒரு வாஷர். பெயரும் அப்படி வந்ததுதான். மற்ற கடைகளின் ஆட்களும் பார்த்துப் பார்த்து வாஷர் போட ஆரம்பித்தார்கள். காரணம் கேட்டால், "அது ஒரு டெக்னிக்" என்றார்கள்.

இப்போது விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். கோணல் எந்தச் சுவரிலும் இல்லை. பதினெட்டு வருடமாகக் கான்கிரீட்டில் துளை போடும்போது டிரில் அவருடைய வலது காதுக்குப் பக்கத்திலேயே கத்திக்கொண்டிருந்தது. அந்தக் காது கொஞ்சம் கொஞ்சமாகக் கடையைக் கட்டிவிட்டது. வலது கையில் எப்போதும் ஏதாவது கருவி இருப்பதால் போனை இடது காதில் வைத்தே பழகியவர் அவர். அதனால் அவருக்கே அது தெரியவில்லை. காது போன விஷயம் காதுக்காரருக்குத் தெரியாமல் போனால், பாவம், வேறு யார் சொல்வார்கள்?

சொல்லக்கூடிய ஒரே ஆள் வீட்டில் இருந்தாள். அவளுக்கும் தெரியாது.

அவர் மனைவிக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ் கவுண்ட்டரில் வேலை. காலையிலிருந்து ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, சாயங்காலம் தன் பேச்சைக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்று வீட்டுக்கு வருகிறவள். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபின் வீட்டில் இரண்டே பேர். சோபாவின் வலது ஓரம் அவளுடைய இடம், ஏனென்றால் போன் சார்ஜர் செருகுகிற பிளக் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவர் அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்; அவள் பேச்சு போய் விழுவது அவருடைய வலது காதில், நல்ல காதை டிவி நிறைத்துவிடும். ஒரு பிளக் பாயிண்ட் ஒரு குடும்பத்தை எந்தப் பாடு படுத்தும் பாருங்கள்.

முதலில் அவள் ஆபீஸ் கதைகளைச் சொன்னாள். அவர் டிவியைப் பார்த்தார். பிறகு, "கேக்கறீங்களா?" என்று கேட்டாள். அவர் டிவியைப் பார்த்தார். ஓரக்கண்ணில் அவள் தன் பக்கம் திரும்புவது தெரிந்தால் மட்டும் "ம்" என்பார். எதற்கும் பொருந்துகிற பதில் அது. ஒரு வருடம் கழித்து அவள் கேட்பதை விட்டுவிட்டு, முணுமுணுக்கத் தொடங்கினாள். "கல்லு", "கட்டுன பாவத்துக்கு", "இதுக்கு அந்தச் சுவரையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தாராளமாகத் திட்டினாள். அவர் ஒன்றும் சொல்லாதது அவளை இன்னும் வதைத்தது. திட்டினால்கூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்குத் தான் அவருக்கு வேண்டாதவளாகிவிட்டதாக நினைத்தாள்.

அவரோ ஷோரூமில் டீ குடிக்கும்போது பெருமையடித்துக்கொண்டார். "எங்க வீட்ல சண்டையே கிடையாதுப்பா. அவ வாயத் தொறக்கறதே இல்ல. அப்படி ஒரு அமைதி."

போன புதன்கிழமை அவள் அவர் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னாள். "அக்கா இருக்கற ஊருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். நான் மட்டுந்தான் போவேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"ம்" என்றார் அவர்.

அவள் எழுந்து போய் விண்ணப்பத்தை நிரப்பினாள். திங்கட்கிழமை கடைசி நாள். தலைமை அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி அழுதாள், அவருக்கு வலது பக்கம் படுத்து.

சனிக்கிழமை காலையில் வாஷருக்கு ஒரு புகார் வந்தது. அவருடைய வாழ்நாளில் முதல் புகார். பெண்களுக்கான துணி தைக்கிற கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர், "உங்க பார் ஒரு பக்கமா முட்டிக்கிட்டு நிக்குது, வந்து பாருங்க" என்று போன் செய்திருந்தார். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு அவர் போனார்.

தையல்காரம்மாள் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தே காட்டினார். "பாருங்கண்ணே, இந்தப் பக்கம் அளவு கூடுதல். தினமும் கண்ண உறுத்துது."

"அது கண்ணுக்கு இல்ல மேடம், காதுக்கு" என்று சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடினார். "உண்மையச் சொன்னா இன்னும் இடது பக்கம் இழுக்குது. இன்னொரு வாஷர் போடணும்."

"எனக்கு நடுவுலேருந்துதானே வருது?"

"உங்களுக்குப் பழக்கமில்ல. இது பதினெட்டு வருஷக் காது."

தையல்காரம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். தோள் இறங்கிய வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை அது. "கோச்சுக்காதீங்க. எங்கிட்ட வந்து ரவிக்கை கோணல்னு சண்டை போடுவாங்க. ஆளத் திருப்பி நிறுத்திப் பாப்பேன். அப்பத்தான் கோணல் துணியிலயா, தோள்லயான்னு தெரியும். நீங்க டிவிக்கு முதுகக் காட்டி உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்கண்ணே, காசா பணமா!"

சமையலறை ஸ்டூலை எடுத்து, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"இப்ப எந்தப் பக்கம் இழுக்குது?"

"இடது பக்கந்தான்."

"அது எப்படி? முன்ன இடது பக்கமா இருந்தது இப்ப உங்களுக்கு வலது பக்கமில்ல வந்திருக்கணும்? பார் கோணல்னா, நீங்க திரும்பினதும் சத்தமும் மாறியிருக்கணுமே?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. எழுந்து முன்பக்கம் திரும்பினார், இடது. மறுபடி பின்பக்கம், இடது. கடைசியில் ஒரு விரலால் இடது காதைப் பொத்தினார். செய்தி வாசிப்பவர் எங்கோ கிணற்றுக்குள் இறங்கிப் போனார். முகத்தில் ஈயாடவில்லை. வாஷரைக் கழற்றி, பாரை நேராக்கி, ரசமட்டம் வைத்துக் காட்டிவிட்டு வெளியே வந்தார்.

மத்தியானமே காது டாக்டரிடம் போனார். வலது காதில் முக்கால்வாசி போய்விட்டது என்று சொல்லி, கோடு கோடாக ஒரு தாளைக் கொடுத்தார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழவேண்டிய மனிதருக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. சோபா. வலது ஓரம். அவள் பேசாமல் இல்லை. பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அப்பாடா, தன்மேல் தப்பில்லை! தாளைப் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

அவள் அவளுடைய ஓரத்தில் இருந்தாள். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, பிளக்குக்குக் குறுக்கே, அவளுக்கு அந்தப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"மரக்கட்டைக்கு இன்னைக்கு எடம் மாறிடுச்சு" என்று அவள் வழக்கம்போல முணுமுணுத்தாள்.

"மரக்கட்டையா?" என்றார் அவர்.

அவள் கையிலிருந்து போன் நழுவிக் கீழே விழுந்தது. "உங்களுக்கு... கேட்டுச்சா?"

அவர் தாளைக் காட்டினார். தையல்காரம்மாள், ஸ்டூல், டாக்டர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவள் கண் நிறைந்துவிட்டது. அவருடைய வலது காதை மெல்லத் தொட்டாள். "வலிக்குதாங்க?"

"வலியெல்லாம் இல்ல. அதான் நீ சொன்னது எதுவும் விழல."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "என்மேல ஒரு தப்பும் இல்ல பாரு" என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "அந்தத் தையக்கார அம்மா பேசுறது கேக்கலன்னா என்ன பண்ணுவீங்க?"

"என்ன சொன்னீங்க மேடம்னு கேப்பேன்."

"உங்க மேனேஜர் சொன்னது கேக்கலன்னா?"

"சார், இன்னொரு தடவ சொல்லுங்கன்னு..."

"என்கிட்ட ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்கீங்களா? காது போச்சு, சரி. என்ன சொன்னேன்னு கேக்க வாய் இருந்துச்சில்ல?"

இதற்கு அவரிடம் தாள் இல்லை. அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்ததை எடுத்து அவர் மடியில் போட்டாள். படித்தார்.

"இத எப்ப..."

"புதன்கிழமை கேட்டேன். ம்னு சொன்னீங்க."

"போகாத" என்றார்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. திங்கக்கிழமை காலைல வண்டியில போகும்போது சொல்றேன், எங்க எறங்கணும்னு."

"ம்..." என்று தொடங்கியவர், பதறிப்போய் நிறுத்திக்கொண்டார். "திங்கக்கிழமை காலைல சொல்றேன்னு சொன்னே."

ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு வாஷரைக் கழற்றினார். மேனேஜருக்குப் போன் செய்து, ஊர் முழுக்க மாட்டியதையெல்லாம் கழற்றவேண்டும், எல்லாம் தன் காதின் கோளாறு என்று ஒப்புக்கொண்டார். மேனேஜர் பதறினார். "வெளிய சொல்லித் தொலைக்காதய்யா! விளம்பரத்துலயே வாஷர்னு போட்டிருக்கோம்!" மீதி நேரமெல்லாம் மனைவி பின்னாலேயே சுற்றி, "என்ன சொன்னே? என்ன சொன்னே?" என்று நச்சரித்தார். "நான் ஒண்ணும் சொல்லலீங்க, குக்கர் சத்தம்!" என்று அவள் எரிந்து விழுந்தாள். அதைத் தவிர அன்று முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. நேரே போனால் தலைமை அலுவலகம். இடது பக்கம் திரும்பினால் அவள் தினமும் போகிற ஆபீஸ். பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஏதோ சொன்னாள். பழக்க தோஷம், வலது தோள் பக்கமாகவே சொல்லித் தொலைத்தாள். முதுகில் மூச்சு பட்டதுதான் அவருக்குத் தெரிந்தது. பச்சை விழுந்தது.

அவர் வண்டியை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். உடம்பை முழுசாகத் திருப்பி, "என்ன சொன்னே?" என்று கேட்டார்.

பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. ஒருவர் எட்டிப் பார்த்துத் திட்டினார்.

"ஐயோ, பச்சை விழுந்துடுச்சுங்க! மொதல்ல வண்டிய எடுங்க!"

"விழட்டும். நீ சொன்னது எனக்குக் கேக்கல. சொல்லு."

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. பச்சை போய் மறுபடி சிவப்பே விழுந்துவிட்டது.

"இடது பக்கம் திரும்புங்கன்னு சொன்னேன்" என்றாள்.