இரண்டு பக்கமும் ஓம்

வலக்கை ‘நில்’ பலகையை உயர்த்திப் பிடித்திருக்கும்போது தேவராஜாவின் தலை தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். பலகை கார்களுக்கு. தலை பெற்றோருக்கு.

“சின்னதுங்களக் கொண்டுபோய் பெருசுங்களோட ஒரே கிரவுண்ட்ல விட்டா என்ன ஆகும் அங்கிள்? ஓடுற ஓட்டத்துல தள்ளிவிட்டுட்டுப் போயிடுவாங்க” என்பார் பிரதீப்குமார், மகளின் தண்ணீர்ப் போத்தலைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு.

“ஓம் ஓம், அது பயம்தான்.”

பிரதீப்குமார் தெருவைக் கடந்து கரையேறிய கையோடு எதிர்க்கரையிலிருந்து ராகவி இறங்குவார். ஒரு கையில் மகள், மறுகையில் மகன் விட்டுவிட்டு வந்த மதிய உணவுப் பெட்டி.

“ரெண்டு பள்ளிக்கூடம், ரெண்டு கேற்று, மணி மட்டும் ஒரே நேரத்தில அடிக்குது. நான் என்ன ரெண்டாப் பிளந்தே போறது, அங்கிள்?”

“ஓம் பிள்ளை, அது பெரிய கரைச்சல்தான்.”

இருவரும் அவர் தங்கள் கட்சி என்ற நிம்மதியோடு நடந்துபோவார்கள். தேவராஜா பலகையை இறக்கி, காத்திருந்த கார்களுக்கும் ஒரு தலையாட்டு வைத்து அனுப்புவார்.

ஆஸ்திரேலியாவின் டூங்கபிப் புறநகரில், ரயில் பாதைக்கு அப்பால் உள்ள குட்டித் தெரு அது. ஒரு கரையில் கின்டர் என்னும் பாலர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பள்ளி. மறுகரையில் மூன்றிலிருந்து ஆறு வரை. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி அதிபர், தனித்தனி நிறத்தில் தொப்பி. நம்மவர்களுக்கு அவை சின்னப் பள்ளி, பெரிய பள்ளி, அவ்வளவுதான். நடுவில் வெள்ளைக் கோடுகள். கோடுகளின் மேல் தேவராஜா.

வயது அறுபத்து மூன்று. முன்பு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. அது மூடப்பட்ட பிறகு, வீட்டில் சும்மா இருந்து மனைவியின் கண்ணில் படாமலிருக்க எடுத்துக்கொண்ட வேலை இது என்று அவரே சொல்வார். சன்ஸ்கிரீனைத் தேய்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பூசுவார், அப்படியே விட்டுவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் திருநீற்றுத் தட்டில் முகம் கவிழ்ந்தவர் போலிருக்கும். பிள்ளைகளின் பெயர்கள் அவர் வாயில் தங்குவதில்லை. பக்கத்தில் நின்று பிஸ்கட் அடுக்கிய ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவரிடம் கற்ற ஒரே சொல்லை எல்லாருக்கும் பொதுவாக்கி வைத்திருக்கிறார். “கம் டார்லிங், கம்.” மீசை அரும்பத் தொடங்கிய ஆறாம் வகுப்புப் பையன்கள் அதைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து கடப்பார்கள். தெருவை விரைவாக வெறுமையாக்க அதுவும் ஒரு வழி.

நாய் என்றால் பயம். ஆனால் “இத ஒரு நிமிசம் பிடிக்கிறீங்களா அங்கிள்?” என்று யாராவது கயிற்றை நீட்டினால் வாங்கிக்கொள்வார். மின்சாரக் கம்பியைப் பிடித்தவர் போலக் கையை முழுநீளத்துக்கு நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்திருப்பார். நாய் அவரை ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

இல்லை என்ற சொல்லை அவர் எப்போது தொலைத்தார் என்பது சத்தியபாமாவுக்கே தெரியாது. சத்தியபாமா அவருடைய மனைவி. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறார். அங்கே இல்லை என்று சொல்லத் தெரியாதவர் அரைநாள் நிற்க முடியாது. இவர்கள் வீட்டுக் கராஜுக்குள் யாரோ ஒருவரின் சிறு படகு, தமிழ்ச் சங்கத்தின் பெரிய கிடாரங்கள், மெல்பேர்னுக்குக் குடிபோன குடும்பமொன்றின் இரட்டைக் கட்டில் எல்லாம் இருக்கின்றன. எல்லாமே ‘ரெண்டு கிழமைக்கு மட்டும்’ வந்தவை.

“எங்கட கார் றோட்டில நிண்டு வெயில் காயுது. ஊரவன்ர படகு உள்ளுக்க நித்திரை கொள்ளுது” என்பார் சத்தியபாமா.

“அந்தத் தம்பி கேட்டவர். நான் ஓம் எண்டனான்.”

“நீங்கள் எதுக்குத்தான் ஓம் எண்டேல்லை?”

இப்படிப்பட்டவர் நிற்கும் தெருவில்தான் அந்தப் பெரிய கேள்வி வந்து இறங்கியது. கல்வித் திணைக்களம் இரண்டு பள்ளிகளையும் ஒன்றாக்க விரும்பியது. ஒரே அதிபர், ஒரே வாசல், ஒரே தொப்பி. அதற்கு நடுவிலிருக்கும் தெருவை மூடிப் பள்ளி வளவோடு சேர்க்க வேண்டும். தெருவோ கவுன்சிலுக்குச் சொந்தம். ஆகவே தெருவைக் கொடுப்பதா என்று கவுன்சில் முடிவு செய்ய வேண்டும். முடிவுக்கு முன் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். மின்கம்பங்களில் அறிவித்தல் தொங்கியது. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். வாட்ஸ்அப் குழுவும் பிரிந்து, இரண்டிலும் தேவராஜா சேர்க்கப்பட்டார். இரண்டிலும் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

கூட்டத்துக்கு முந்திய வாரம் ராகவி தொலைபேசியில் அழைத்தார். “அங்கிள், நீங்கள் வந்து எங்களுக்காக ரெண்டு வசனம் கதைக்கவேணும். தினமும் பாக்கிற ஆள் நீங்கள்தானே.” ஓம் என்றார். அடுத்த நாள் பிரதீப்குமார் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வீட்டுக்கே வந்தார். “நீங்க பேசினாத்தான் அங்கிள் எடுபடும். எங்க லிஸ்ட்ல உங்க பேரப் போட்டுடறேன்.” அதற்கும் ஓம்.

சத்தியபாமா மாம்பழம் நறுக்கிக்கொண்டே கேட்டார். “ரெண்டு பக்கத்துக்கும் ஓம் எண்டுபோட்டு வந்து நிக்கிறியள். அங்க போய் என்ன செய்யிறதாய் உத்தேசம்? நடுவில கதிரையைப் போட்டு, ஒரு காதால அவைக்கும் மற்றக் காதால இவைக்கும் தலையாட்டப் போறியளோ?”

“ரெண்டு பேர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு.”

“அது கிடக்கட்டும். தெருவை மூடினா உங்கட வேலை?”

தேவராஜா ஒரு துண்டு மாம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியை அதுவரை வேறு ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. வெள்ளைக் கோடுகள் போனால் கோடுகளில் நிற்பவரும் போகவேண்டும் என்பது அத்தனை வாட்ஸ்அப் செய்திகளில் ஒன்றிலும் இல்லை. பல்லில் சிக்கிய நாரை நாக்கால் துழாவிவிட்டு, “பாப்பம்” என்றார்.

கவுன்சில் மண்டபத்துக்கு அவர் கோயில் திருவிழாவுக்குப் போடும் நீலச் சட்டையில் போனார். பிரதீப்குமார் கையசைத்துக் கூப்பிட்டார். ராகவி பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். தேவராஜா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய், கூட்டம் தொடங்கும்வரை வெளியே வரவில்லை. பிறகு கடைசி வரிசையில் சத்தியபாமாவின் அருகே வந்து அமர்ந்தார்.

எதிர்ப்போர் பட்டியலில் அவர் பெயரை வாசித்தார் தலைமை வகித்த பெண்மணி. தேவராஜா எழுந்தார். அந்தப் பெண்மணி அடுத்த தாளைப் புரட்டினார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார். “ஆதரிப்போர் பட்டியலிலும் இதே பெயர் இருக்கிறது. ஒருவரா, இருவரா?”

“ஒருவர்தான், மேடம்.”

மண்டபம் சிரித்தது. பிரதீப்குமார் திரும்பி ராகவியைப் பார்த்தார். ராகவி திரும்பி பிரதீப்குமாரைப் பார்த்தார். அந்த வருடத்தில் அவர்கள் இருவரும் முதன்முறையாக ஒரே விஷயத்தில் ஒத்துப்போன இடம் அதுதான்.

“அப்படியானால் நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டார் தலைவர். குரலில் எரிச்சல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

தேவராஜா ஒலிவாங்கியின் முன் போய் நின்றார். அவருடைய ஆங்கிலம் யாழ்ப்பாணத் தமிழின் நடையிலேயே நடக்கும்; ஆகவே அதைத் தமிழில் சொல்வதால் பெரிய நட்டமில்லை.

“என்ர பக்கத்தைக் கேட்டா, மூடாதேங்கோ எண்டுதான் சொல்லுவன். மூடினா எனக்கு அங்க வேலை இல்லை. வீட்டில இருந்தா மனுசிக்குக் கரைச்சல்.” மறுபடி சிரிப்பு. ராகவி மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த தாள்களை அடுக்கி, மீண்டும் கலைத்து, மீண்டும் அடுக்கினார்.

“ஆனா போன ஜூலையில ஒரு காலமை, வெயில் நேரே கண்ணுக்க அடிச்ச நேரம், சாமான் ஏத்தின யூட் வண்டி ஒண்டு நிக்காமல் வந்தது. நான் பலகையோட இறங்கியிட்டன். ஒரு பிள்ளை எனக்குப் பின்னால இறங்கியிட்டுது. நான் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளினன். யூட் பலகையை அடிச்சு வளைச்சுக்கொண்டு போட்டுது. பிள்ளைக்கு ஒண்டுமில்லை. எழும்பி மண்ணைத் தட்டிப்போட்டு, ‘சொறி’ எண்டு எனக்குச் சொல்லியிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனது.”

தேவராஜா ஒலிவாங்கியைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நான் மேலிடத்துக்கு அறிவிச்சனான். புதுப் பலகை தந்தவை. யூட்டின்ர நம்பரை நான் பாக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் கோட்டில காலை வைக்க முன்னம் ரெண்டு தரம் பின்னால திரும்பிப் பாக்கிறன். தெரு இல்லாட்டி யூட்டும் இல்லை. ஆனபடியா மூடுங்கோ. மற்றது, சின்னப் பிள்ளையளுக்கு விளையாட வேற இடம் வேலி போட்டுக் குடுங்கோ. தம்பி பிரதீப்குமார் சொல்லுறதும் சரி.”

மணி அடித்தது, ஒருவர் பேசுவதற்கான மூன்று நிமிடம் முடிந்தது. “இன்னும் மூன்று நிமிடம் உங்களுக்கு உண்டு, இன்னொரு பட்டியலில்” என்றார் தலைவர். தேவராஜா வேண்டாம் என்று கையசைத்தார். சின்னப் பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டு மைதானம் திட்ட வரைபடத்திலேயே ஏற்கெனவே இருக்கிறது என்று கவுன்சில் பொறியாளர் விளக்கினார். தேவராஜா அந்த வரைபடத்தைத் திறந்தே பார்த்திருக்கவில்லை. “நல்லது, நல்லது” என்று தலையாட்டிவிட்டு இடத்துக்குத் திரும்பினார்.

சத்தியபாமா அவரைப் பார்க்கவில்லை. ஜூலையில் வீங்கிய மணிக்கட்டோடு வந்தவருக்குக் கேற்றில் அடிபட்டதென்று சொன்னதை நம்பித் தைலம் பூசிவிட்டவர் அவர். அந்த வாரம் முழுக்க, கேற்றை ஒழுங்காகச் சாத்தத் தெரியாதவர் என்று தொலைபேசியில் தங்கைக்குச் சொல்லிச் சிரித்தவரும் அவர்.

அன்று மாலையே வாக்கெடுத்தார்கள். தெருவைக் கொடுப்பதென்று பெரும்பான்மை முடிவு. தேவராஜா பேசியதால் ஒரு வாக்காவது மாறியதா என்றால், அநேகமாக இல்லை. உறுப்பினர்கள் வரும்போதே முடிவோடுதான் வந்திருந்தார்கள். ஜனவரி விடுமுறையில் வேலை தொடங்கும். பலகையோடு நிற்க வேறெங்கேனும் இடம் வந்தால் அறிவிப்பார்கள், வராவிட்டால் இல்லை.

வெளியே டிசம்பர் வெயில் இன்னும் இறங்கவில்லை. படிக்கட்டில் பிரதீப்குமார் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வேலி விஷயத்த கரெக்டா பிடிச்சீங்க அங்கிள். நம்ம பாயிண்ட் நின்னுடுச்சு.” ஓம் என்றார் தேவராஜா. ராகவியும் வந்தார். “கடைசியில எங்கட பக்கம்தானே கதைச்சனியள்.” அதற்கும் ஓம் என்றார். பிறகு அவர்கள் இருவரும் போகாமல் நின்றார்கள்.

முதலில் ராகவிதான் கேட்டார். “அங்கிள், அது என்ர பிள்ளையோ?”

“இல்லை” என்றார் தேவராஜா, கேள்வி முடிய முன்னமே.

“எங்க பாப்பாவா அங்கிள்?” பிரதீப்குமார் தரையைப் பார்த்துக் கேட்டார்.

“இல்லை. இல்லைத் தம்பி. அந்தப் பிள்ளை இப்ப இஞ்ச இல்லை, வேற இடத்துக்குப் போட்டுது.”

ராகவி இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். பிரதீப்குமார் போகிற வழியிலேயே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, மகள் சாப்பிட்டுவிட்டாளா என்று கேட்டார்.

ஒரு படி மேலே நின்ற சத்தியபாமா இரண்டு இல்லைகளையும் கேட்டார். முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தவர். ஜூலையில் ஏமாந்தாலும், இந்த முறை அந்த முகத்தில் எது மெய், எது பொய் என்று தெரிந்தது. இரண்டில் ஒன்று பொய்.

கார் எதிர்ப்பக்கத்தில் நின்றது. நடுவில் இருந்தது நல்ல அகலமான தெரு. வேலை முடிந்து வீடு திரும்பும் கார்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன. தேவராஜா பழக்கத்தில் முன்னே காலை எடுத்து வைத்தார். சத்தியபாமா அவர் முழங்கையைப் பற்றிப் பின்னால் இழுத்து நிறுத்தினார். ஊர் பார்க்க அவர் கணவரைத் தொட்டு நின்றதை இதுவரை ஒருவரும் கண்டதில்லை.

“இஞ்சேரும், சிக்னல் லைற்றடிக்குப் போய்க் கடப்பம். அதுதான் ஒழுங்கு” என்றார் தேவராஜா.

“பேசாமல் வாங்கோ” என்று சொல்லிவிட்டு, சத்தியபாமா அவர் முழங்கையை விடாமலே தெருவில் இறங்கி, வந்துகொண்டிருந்த காரை நோக்கி மற்றக் கையை விரித்து உயர்த்தினார்.